முட்டுக்கட்டையும் கிரவுனும்

மதுரையில் சித்திரைத் தேர் மாசி வீதியின் மூலையில் திரும்பும்போது பக்தர்களின் கண் கோபுரம் போல் அசையும் தேரின் உச்சியில் இருக்கும். இயந்திரத்தின் கணக்கைப் பார்க்க விரும்புகிறவர் சக்கரத்தின் அடியில் பார்க்க வேண்டும். வடம் தேரை முன்னால் இழுக்கிறது. அதைத் திருப்புவதில் பெரும்பங்கு முட்டுக்கட்டைக்கு உண்டு. ஒரு பக்கச் சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்து அதன் ஓட்டத்தைத் தடுத்தால், மறுபக்கச் சக்கரம் கூடுதலாக உருண்டு தேரின் முகத்தைத் திருப்பிவிடும். இதில் இரண்டு உண்மைகள் அடங்கியிருக்கின்றன. திரும்புகிற வண்டியின் இரண்டு பக்கச் சக்கரங்களும் ஒரே தூரம் ஓடுவதில்லை என்பது முதலாவது. ஒரு சக்கரத்தைத் தடுத்து மற்றதிடம் வேலை வாங்கலாம் என்பது இரண்டாவது. மோட்டார் வாகனங்களின் பின் அச்சுக்குள் இருக்கும் டிஃபரன்ஷியல் முதல் உண்மையிலிருந்து பிறந்தது. அதன் குறையைத் தீர்க்க வந்த லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இரண்டாவதிலிருந்து பிறந்தது. மதுரைச் சமவெளியின் நூறாண்டுப் பட்டறை வரலாற்றில் முன்னது எல்லா வண்டியிலும் இருந்தது, பின்னது ஏறக்குறைய எதிலுமே இல்லை. அதற்குப் பதிலாக வேறொரு கலை இங்கே வேரூன்றியது: கிரவுனையும் பினியனையும் மாற்றி, வண்டியின் இழுவையையும் வேகத்தையும் திருத்தி அமைக்கும் கலை. ஒன்று வந்ததும் மற்றது வராததும் தற்செயலா, அறியாமையா, அல்லது நிலமும் பணமும் சேர்ந்து செய்த தேர்வா என்பதே கேள்வி. தேர்வுதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

வண்டியூரும் அதை ஒட்டிய மாட்டுத்தாவணியும் இந்த வரலாற்றைத் தொடங்கப் பொருத்தமான இடங்கள். மாட்டுத்தாவணி என்றால் மாட்டுச் சந்தை. இழுவை மாடுகள் கைமாறிய இடத்தின் பெயர் இன்று தென் தமிழகத்தின் பெரிய பேருந்து நிலையங்களில் ஒன்றின் பெயராக நிற்கிறது. மாட்டு வண்டிக்கு டிஃபரன்ஷியல் தேவைப்பட்டதே இல்லை. அதன் அச்சு சுழலாது. அச்சின் இரு முனைகளிலும் சக்கரங்கள் தனித்தனியே சுழலும், கழன்று ஓடாமல் கடையாணி காக்கும். இழுப்பது மாடு, சக்கரம் வெறுமனே உருளுகிறது. ஆகவே தெருமுனையில் உள்சக்கரம் மெதுவாகவும் வெளிச்சக்கரம் வேகமாகவும் ஓடிக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. தள்ளும் சக்தியைச் சக்கரத்துக்கே கொடுத்தபோதுதான் சிக்கல் பிறந்தது. ஒரே இன்ஜின் இரண்டு சக்கரங்களையும் சுழற்ற வேண்டும், ஆனால் திருப்பத்தில் அவை வேறு வேறு வேகத்தில் சுழல வேண்டும். எவ்வளவு வேறுபாடு என்பதைக் கணக்கிட்டால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. செங்கோணத் திருப்பம் ஒன்றில் உள், வெளிச் சக்கரங்கள் ஓடும் தூர வித்தியாசம் தெருவின் வளைவு பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்ததல்ல. சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை மட்டும் பொறுத்தது. அகலம் ஏறக்குறைய 1.35 மீட்டர் உள்ள அம்பாசிடருக்கு அது 2.1 மீட்டர், அதன் டயரின் சுற்றளவும் ஏறக்குறைய அதுவே. அகலம் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான பேருந்துக்கு அது மூன்று மீட்டர். அதன் டயர் சுற்றளவும் மூன்று மீட்டரைச் சற்றே தாண்டும். காரானாலும் பஸ்ஸானாலும் ஒவ்வொரு தெருமுனையிலும் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிடக் கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று அதிகம் சுற்றியாக வேண்டும். நான்கு மாசி வீதிகளையும் ஒருமுறை சுற்றி வந்தால் நான்கு சுற்று.

இந்த ஒரு சுற்றை விட்டுக்கொடுக்கும் பற்சக்கர அமைப்புக்கு 1827ஆம் ஆண்டில் பிரான்சின் கடிகாரக் கைவினைஞர் ஒனெசிஃபோர் பெக்கர் காப்புரிமை பெற்றார். நீராவி வண்டிக்காக அவர் யோசித்தது, பின்னர் பெட்ரோல் வண்டிகளின் பின் அச்சுக்குள் நிரந்தரமாகக் குடியேறியது. இன்ஜினிலிருந்து வரும் தண்டின் முனையில் சின்னப் பல்சக்கரம். நம் பட்டறைகளில் அதுதான் பினியன். அது சுழற்றும் பெரிய வட்டச் சக்கரம் கிரவுன். கிரவுனோடு சேர்ந்து சுழலும் கூட்டுக்குள் நான்கு சிறு பற்சக்கரங்கள், ஸ்டாரும் சன்னும், ஒன்றையொன்று கவ்வி நின்று இரண்டு அச்சுத் தண்டுகளுக்கும் சுழற்சியைப் பங்கிடுகின்றன. பங்கீடு விசித்திரமானது: சுழற்சி வேகம் இரு பக்கமும் எப்படி வேண்டுமானாலும் பிரியலாம், ஆனால் திருகுவிசை இரு பக்கமும் எப்போதும் சமம். நேர்மையான பாகப்பிரிவினை என்று தோன்றும், ஒரு சக்கரம் சேற்றில் இறங்கும் வரை. சேற்றிலுள்ள சக்கரத்தைச் சுழற்றச் சிறு விசையே போதும். சமம் என்ற விதிப்படி கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அந்தச் சிறு விசைதான் கிடைக்கும். ஒன்று பைத்தியம் போலச் சுழல, மற்றது அசையாமல் நிற்கும். 1930களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஆட்டோ யூனியன் பந்தயக் காரை வடிவமைத்த ஃபெர்டினாண்ட் போர்ஷே, இன்ஜினின் பெரும் வலுவை ஒற்றைச் சக்கரம் சுழன்றே வீணடிப்பதைத் தடுக்க இசட்.எஃப். நிறுவனத்திடம் தீர்வு கேட்டார். பந்தயத் தடத்தில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் பெயர்பெற்றது அந்த முயற்சியால்தான். 1950களில் அமெரிக்கக் கார்களுக்கு அது வந்தது. பின்னாளில் பரவிய வகைகளில் ஒன்று, கூட்டுக்குள் கிளட்ச் தட்டுகளை அடுக்கி, இரண்டு பக்கமும் அளவுக்கு மீறி வேறுபட்ட வேகத்தில் சுழன்றால் உராய்வால் இழுத்துப் பிடிப்பது. திரும்பும் சுதந்திரம் போகாது. வழுக்கும் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை விழும்.

இப்போது மதுரைக்கு வருவோம். ஊர் கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டரைச் சற்றுத் தாண்டிய உயரத்தில் தட்டையாகப் பரந்து கிடக்கிறது. தெற்கே விருதுநகர் வரை, கிழக்கே மானாமதுரை வரை சாலையில் ஏற்றம் என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் கண்மாய்க் கரையும் பாலமும்தான். ஆனால் வடக்கிலும் மேற்கிலும் நிலைமை வேறு. சிறுமலை, கொடைக்கானல், போடிமெட்டு, குமுளி என்று மலைகள் வரிசைகட்டி நிற்கின்றன. கொடைக்கானல் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல். போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். மதுரைச் சந்தையின் சரக்கில் கணிசமான பகுதி இந்த மலைகளுக்குப் போவதோ, அங்கிருந்து இறங்குவதோதான்: ஏறும்போது அரிசி, இறங்கும்போது ஏலக்காய், மலைவாழை, காய்கறி. ஆக, இவ்வூரில் மோட்டார் வண்டி வைத்திருந்தவர் எல்லாருக்கும் ஒரே இக்கட்டு. காலையில் அறுபது கிலோமீட்டர் சமதளம், மதியம் முப்பது கிலோமீட்டர் செங்குத்து. சமதளத்துக்கு ஒரு பல் விகிதம் பொருந்தும், மலைக்கு இன்னொன்று. வண்டியில் பின் அச்சு ஒன்றுதான். எந்த விகிதத்தைப் போடுவது என்ற கேள்வி மதுரைப் பட்டறைகளின் அன்றாடக் கேள்வியானது இந்தப் புவியியலால்தான்.

கேள்வி எழுந்த காலத்தையும் ஓரளவு சொல்ல முடியும். டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911ஆம் ஆண்டில் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனம் மதுரையைத் தென்னிந்திய மோட்டார் போக்குவரத்தின் தலைநகரங்களில் ஒன்றாக்கியது. முதல் உலகப் போர்க் காலத்தில் கொடைக்கானலுக்கு மலைச்சாலை முழுமைபெற்றதும், ரயிலில் கொடைரோடு வந்து இறங்கி டோலியில் ஏறிய காலம் முடிந்து மோட்டார் ஏறும் காலம் தொடங்கியது. அக்காலத்து இன்ஜின்களின் வலு சொற்பம். அந்தச் சொற்ப வலுவை மலையேற வைக்க இரண்டே வழிகள்: கியர் பெட்டியில் முதல் கியரைத் தாழ்த்துவது, அல்லது பின் அச்சில் கிரவுனின் பல் எண்ணிக்கையைப் பினியனோடு ஒப்பிடக் கூட்டுவது. இரண்டாம் உலகப் போர் இந்தப் பாடத்தை இன்னும் கடுமையாக நடத்தியது. பெட்ரோல் பங்கீட்டுக்குள் போனதும் கரியை எரித்து வரும் வாயுவில் பேருந்துகள் ஓடின, மதுரையில் டி.வி.எஸ். நிறுவனமே கரிவாயுக் கலங்களைச் செய்து விற்றது. கரிவாயுவில் அதே இன்ஜின் தன் வலுவில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ இழந்துவிடும். வலு குறைந்த இன்ஜினுக்குப் பழைய விகிதம் பொருந்தாது. பாலத்து ஏற்றத்திலேயே கியரை இறக்க வேண்டிவரும். எரிபொருள் மாறினால் பல் கணக்கும் மாற வேண்டும் என்ற உறவை அந்தப் பற்றாக்குறைக் காலம் வெளிச்சமாகக் காட்டியது. பிற்பாடு டீசல் வந்தபோது இதே பாடம் தலைகீழாகத் திரும்பி வந்தது.

போருக்குப் பின் சுமை வண்டிகளில் அசோக் லேலண்டும் டாட்டாவும் ஆதிக்கம் செலுத்தின. 1972ஆம் ஆண்டில் மதுரைப் பகுதியின் டி.வி.எஸ். பேருந்துகள் அரசுடைமையாகி பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. லாரிக்காரர்களும் பேருந்துப் பணிமனைகளும் பின் அச்சை எப்படிப் பார்த்தன என்பதை உதிரிபாகக் கடையின் மொழியே சொல்லும். விகிதத்தைத் தசமத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். பல் எண்ணிக்கையைச் சொல்வார்கள். ஆறு–நாற்பத்தொன்று, ஏழு–நாற்பத்தொன்று, ஆறு–முப்பத்தேழு. முதல் எண் பினியனின் பல், இரண்டாவது கிரவுனின் பல். 6/41 என்றால் இன்ஜின் தண்டு 6.83 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். 7/41 என்றால் 5.86 முறை. பினியனில் ஒரே ஒரு பல் வேறுபாடு. அந்த ஒற்றைப் பல்லின் விலையைக் கணக்கிடலாம். இன்ஜின் நிமிடத்துக்கு 2400 சுற்றில், நேர் கியரில் ஓடுகிறது, டயரின் சுற்றளவு 3.1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 6/41 போட்ட லாரி மணிக்கு 65 கிலோமீட்டர் போகும். 7/41 போட்டது 76. மறுபுறம், சக்கரத்துக்கு வந்து சேரும் இழுவையில் 6/41 பதினேழு சதவீதம் முன்னே நிற்கும். தூத்துக்குடிக்கு உப்புக்கும் உரத்துக்கும் போய்வரும் வண்டிக்கு எது, குமுளி ஏறும் வண்டிக்கு எது என்று இனிச் சொல்ல வேண்டியதில்லை. மலையிலிருந்து இறங்குவதிலும் இதே விகிதம்தான் காவல். கீழ் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்துவதால் பிரேக் சூடேறாமல் தப்பிக்கும். பல் கூடுதலான கிரவுன் அந்தப் பிடியையும் கூட்டிக் கொடுக்கும். ஏற்றத்தில் சம்பாதிக்கும் விகிதம் இறக்கத்தில் உயிர் காக்கும் விகிதமும் ஆகிறது. சமதளத்திலோ அதே விகிதம் இன்ஜினைத் தேவைக்கு மேல் சுற்றவைத்து டீசலைக் குடிக்கும். போக்குவரத்துக் கழகங்கள் ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை, கே.எம்.பி.எல். என்ற மூச்சுவிடாத எழுத்துக் கூட்டத்தால் வண்டி வண்டியாகக் கணக்கெடுத்த உலகில், கிரவுனின் பல் நேரடியாக வரவுசெலவுப் புத்தகத்தைக் கடித்தது.

கார்களிலும் கதை இதுவே. மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைப் போலவே பழைய அம்பாசிடரின் பின் அச்சு 8/39, அதாவது 4.875. நேர் கியரில் இன்ஜினின் ஒவ்வொரு ஆயிரம் சுற்றுக்கும் மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர். வலுக் குறைந்த பெட்ரோல் இன்ஜினும் நிறைந்த குடும்பமும் திருமணச் சீர்வரிசையும் சேர்ந்து ஏற வேண்டிய காருக்கு அது சரியான தேர்வு. ஆனால் டீசல் மலிவும் டாக்சித் தொழிலும் சேர்ந்தபோது, பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு மேட்டடார் வேனின் டீசல் இன்ஜினைப் பூட்டும் வழக்கம் தமிழகமெங்கும் பரவியது. டீசல் இன்ஜின் குறைந்த சுற்றிலேயே இழுக்கும். சுற்றைக் கூட்டினால் கத்தும், குடிக்கும், தேயும். அதற்கு 8/39 பொருந்தாது. 9/41 என்னும் 4.55 விகிதம் கிடைத்தால் அதே சாலை வேகத்தில் இன்ஜின் ஆறேழு சதவீதம் மெதுவாகச் சுற்றும். மணிக்கு அறுபதில் ஏறத்தாழ 2400 சுற்றுக்குப் பதில் 2200. சிறு வித்தியாசம் என்று தோன்றும். நாளைக்கு முந்நூறு கிலோமீட்டர் ஓடும் டாக்சிக்கு அது மாத முடிவில் தெரியும். இந்த மாற்றத்துக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. வேகமானியின் கேபிள் கியர் பெட்டியின் பின்முனையிலிருந்து புறப்படுகிறது, பின் அச்சுக்கு முன்னாலேயே. ஆகவே பின் அச்சின் பல் மாறினால் வேகமானிக்கு அது தெரியாது. 4.875இலிருந்து 4.55க்கு மாறிய கார் ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டும், ஓடும் வேகத்தையும் குறைத்துக் காட்டும். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாடகை பேசும் தொழிலில் இது உரிமையாளருக்கு நட்டம். அவசரத்தில் வண்டி ஓட்டுகிறவருக்கு ஆபத்து.

விகிதம் மாற்றும் வேலை எப்படிப்பட்டது என்பதும் வாதத்துக்கு முக்கியம், ஏனெனில் ஒரு தொழில் வேரூன்றுவது அதைச் செய்யும் கைகளைப் பொறுத்தது. கிரவுனும் பினியனும் ஜோடியாகவே பிறக்கின்றன. தொழிற்சாலையில் இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தி, ஒரே எண்ணைப் பொறித்து அனுப்புவார்கள். ஒன்றை மட்டும் மாற்றுவது தகாது. பல் எண்ணிக்கையிலும் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. 8, 39 இரண்டுக்கும் ஒன்றைத் தவிரப் பொது வகுத்தி இல்லை; 9க்கும் 41க்கும் இல்லை; 6க்கும் 41க்கும் இல்லை. அதனால் பினியனின் ஒரு குறிப்பிட்ட பல், கிரவுனின் ஒவ்வொரு பல்லையும் முறைவைத்துச் சந்தித்துவிட்டுத்தான் பழைய பல்லிடம் திரும்பும். ஒரு பல்லில் கீறல் இருந்தாலும் அது எல்லாப் பற்களிலும் பரவலாகத் தேய்ந்து மறையும். ஒரே இடத்தைக் கொத்திக் குழியாக்காது. பொருத்தும்போது பினியன் எவ்வளவு உள்ளே நிற்க வேண்டும் என்பதை மெல்லிய ஷிம் தகடுகள் முடிவுசெய்யும். பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் மயிரிழை அளவு விளையாட்டு விட வேண்டும். பற்களில் நீல மை பூசிக் கையால் சுழற்றி, பதிந்த தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். தடம் விளிம்புக்குப் போனால் சில நாட்களில் கிரவுன் கத்தத் தொடங்கும். இதெல்லாம் கைத்திறமும் கண்ணும் பொறுமையும் கேட்கும் வேலை. விலை உயர்ந்த கருவி எதையும் கேட்பதில்லை. பதினெண் ஆண்டுகள் ஒரே தொழிலில் பழகிய மேஸ்திரிக்கு இது வசப்படும். ஜோடிகளும் உள்நாட்டிலேயே உற்பத்தியாகி உதிரிபாகக் கடைகளில் கிடைத்தன. லிமிடெட் ஸ்லிப் அமைப்பு அப்படியல்ல. அதன் தட்டுகள் தேயும். தேய்ந்தால் அளவெடுத்த மாற்றுத் தட்டு வேண்டும். உராய்வைச் சீராக்கும் சேர்மானம் கலந்த தனி எண்ணெய் வேண்டும். சாதாரண கியர் ஆயிலை ஊற்றினால் திருப்பங்களில் தடதடக்கும். பராமரிப்புச் சங்கிலி முழுவதும் இருந்தாலொழிய அந்தப் பாகம் ஒரு வருடத்தில் சாதாரண டிஃபரன்ஷியலாகவே சீரழிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அது தீர்க்க வந்த நோய் இங்கே அரிதாக இருந்தது. மதுரையில் ஆண்டுக்குப் பெய்வது ஏறத்தாழ 85 சென்டிமீட்டர் மழை; அதிலும் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். பனி கிடையாது. தெற்கே திருமங்கலம் தாண்டிய கரிசல் நிலம் மழையில் பசை போல் ஒட்டும் என்பது உண்மை. வைகை மணலில் இறங்கிய லாரி புதையும் என்பதும் உண்மை. ஆனால் இவை ஆண்டில் சில வாரங்களுக்கும் சில இடங்களுக்கும் உரிய தொல்லைகள். மேலும், சரக்கு ஏற்றிய லாரியின் எடையில் பெரும்பகுதி பின் அச்சின் மேல் இரட்டை டயர்களில் உட்காருகிறது. தார்ச் சாலையில் அப்படிப்பட்ட சக்கரம் சுழன்று வழுக்குவது அபூர்வம். மணலில் மாட்டிக்கொண்டால் டயருக்கு அடியில் பலகையோ பனைமட்டையோ போட்டு, நாலு பேர் தள்ளி, வெளியே வந்துவிடலாம். ஆள்கூலி மலிவாக இருந்த நாட்டில் ஆண்டுக்கு நாலு முறை தள்ளும் செலவோடு ஒப்பிட்டால், விலை மிகுந்த ஒரு பாகத்தை ஆண்டு முழுவதும் சுமப்பது வீண். மாறாக, தவறான பல் விகிதத்தின் செலவு ஒவ்வொரு கிலோமீட்டரிலும் விழுகிறது. அன்றாடம் வரும் நட்டத்துக்கு வைத்தியம் தேடுவதும், எப்போதாவது வரும் தொல்லையைத் தள்ளிவிட்டுக் கடப்பதும் சிக்கனக்காரரின் இயல்பு.

இதற்கு எளிதாக எழும் மறுப்பு, இங்கே யாருக்கும் அப்படியொன்று இருப்பதே தெரியாது, தெரியாததை எப்படித் தேர்ந்தெடுக்க முடியும் என்பது. பெயர் தெரிந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்ளலாம். பொருள் தெரியாது என்பதை ஒப்ப முடியாது. பெரியாறு அணையின் நீர் 1895ஆம் ஆண்டு முதல் வைகை வழியே வந்து நனைத்த மேலூர், வண்டியூர் வயல்களில் டிராக்டர் இறங்கியபோது அதனோடு டிஃபரன்ஷியல் பூட்டும் இறங்கியது. சென்னையில் 1960ஆம் ஆண்டில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மாஸி பெர்குசன் டிராக்டர்களில் அது சாதாரணமாகக் காணப்படும் வசதி. பின்னாளில் மதுரை அருகேயே அந்நிறுவனத்தின் தொழிற்சாலை வந்தது. சேற்றுழவில் ஒரு சக்கரம் சுழன்றால், குதிகாலால் ஒரு மிதியை அழுத்தினால் போதும். இரண்டு அச்சுத் தண்டுகளும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு, காய்ந்த இடத்தில் நிற்கும் சக்கரமும் இழுக்கும். திரும்புவதற்கு முன் காலை எடுக்காவிட்டால் டிராக்டர் நேரே போய் வரப்பில் முட்டும் என்பது ஓட்டுகிறவர் அனைவருக்கும் தெரியும். இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் மிதிகளும் டிராக்டரில் உண்டு. வயலின் மூலையில் ஒன்றை மட்டும் மிதித்துத் திருப்புவது அப்படியே தேரின் முட்டுக்கட்டைதான். வழுக்கல் உண்மையிலேயே அன்றாடச் சிக்கலாக இருந்த இடத்தில், அதாவது நஞ்சை வயலில், அதற்கான தீர்வை இவ்வூர் தயங்காமல் ஏற்றுக்கொண்டது. சாலையில் ஏற்காததற்கு அறியாமை காரணமாக இருக்க முடியாது.

இன்னொரு மறுப்பு கனமானது. 1991 வரை இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு, உற்பத்திக்கு உரிமம். கடையில் இல்லாத பொருளை வாங்காததைத் தேர்வு என்று சொல்லலாமா? இதில் பாதி நியாயம் இருக்கிறது. உரிம ஆட்சி வாகன உலகைச் சுருக்கியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதே உரிம ஆட்சியின் கீழ்தான் டீசல் இன்ஜின் மாற்றம் ஒரு தொழிலாக வளர்ந்தது. பணம் மிச்சமாகும் என்று தெரிந்த இடத்தில் கட்டுப்பாட்டை மீறியும் வளைத்தும் வழி கண்டுபிடித்தார்கள். அதே காலத்தில் கோயம்புத்தூரின் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டி ஓட்டினார். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. பந்தயக்காரருக்குக் கியர் விகிதம் தேர்வது உயிர்நாடி: நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் இன்ஜின் உச்சச் சுற்றைத் தொட வேண்டும், முன்னாலும் அல்ல பின்னாலும் அல்ல. ஆக, கிளட்ச் தட்டுகளைக் கடைந்து கூட்டுக்குள் அடுக்கத் தக்க கடைசல் பட்டறைகளும் மூளைகளும் மாநிலத்தில் இருந்தன. அந்தத் திறமை பந்தயத் தடத்தோடு நின்று லாரிப் பட்டறைக்கு இறங்காததற்குக் காரணம், லாரிக்காரர் கேட்கவில்லை என்பதே. 1991க்குப் பிறகு கதவு திறந்தபோதும் மதுரைச் சந்தையில் அதற்கு வரிசை நிற்கவில்லை. தடை நீங்கிய பின்னும் தேவை எழவில்லை என்றால், தடை மட்டுமே காரணம் என்பது நிற்காது.

மூன்றாவதாக, கை பிரேக்கை லேசாக இழுத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரைக் கொடுத்தால் வண்டி வெளியே வந்துவிடும், அதுவே ஏழையின் லிமிடெட் ஸ்லிப் என்ற ஓட்டுநர் வழக்கை முன்வைக்கலாம். சாதாரண டிஃபரன்ஷியலில் இந்த உபாயம் கணக்குப்படி பலிக்காது. பிரேக் வழுக்கும் சக்கரத்தின் தடையைக் கூட்டுவது உண்மை; அதனால் மறுபக்கத்துக்கும் கூடுதல் விசை போவதும் உண்மை. ஆனால் கை பிரேக் இரு பக்கமும் சமமாகப் பிடிப்பதால், அந்தக் கூடுதல் விசையை மறுபக்கப் பிரேக்கே தின்றுவிடுகிறது. பலித்ததாகத் தோன்றிய இடங்களில், சுழற்சி மெதுவானதால் டயர் மீண்டும் தரையைக் கவ்வியிருக்கலாம், அல்லது ஒரு பக்கக் கேபிள் தளர்ந்து பிரேக் ஒற்றைப் பக்கம் மட்டும் பிடித்திருக்கலாம். ஒற்றைப் பக்கம் மட்டும் பிடித்தால்தான் வேலை நடக்கும். பழைய ஜீப்பில் கை பிரேக் சக்கரத்திலேயே இல்லை, அச்சுக்குப் போகும் தண்டில் இருந்தது. அங்கே இந்த உபாயத்துக்கு இடமே இல்லை. ஏலமலைப் பாதைகளில் ஜீப் ஏறியதன் ரகசியம் விகிதம்தான். சி.ஜே.3பி மாதிரியில் முதல் கியர் 2.8, தாழ்நிலைப் பெட்டி 2.46, அச்சு 5.38, மூன்றையும் பெருக்கினால் 37. இன்ஜின் 37 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் அந்த வண்டியில் எந்த அச்சிலும் வழுக்கல் தடுப்பு இல்லை. கொண்டை ஊசி வளைவின் ஈரத்தில் எடை குறைந்த உள்சக்கரம் சுழலும், அங்கே லிமிடெட் ஸ்லிப் உண்மையிலேயே உதவும் என்று ஒருவர் வாதிட்டால் அதை ஏற்கலாம். ஆனால் சுமையோடு நடைவேகத்தில் வளைவைக் கடக்கும் பேருந்துக்கு அந்த உதவி சிறிது. இறக்கத்தில் இன்ஜினின் பிடி பெரிது. பட்டறை முதலில் கவனித்தது பெரியதை.

கிரவுன் மாற்றும் கலை மங்கியதற்கும் காரணம் பட்டறைக்கு வெளியே இருக்கிறது. 1983ஆம் ஆண்டில் வந்த மாருதி 800 முன்சக்கரங்களால் ஓடும் கார். கியர் பெட்டியும் இறுதி விகிதமும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் அடைபட்டன. பின்னால் தனியாகத் தொங்கும் ஹவுசிங்கே இல்லாதபோது எதைக் கழற்றி எதை மாற்றுவது? தயாரிப்பாளர் தந்த விவரங்களை மீறி வாகனத்தை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தன் 52ஆம் பிரிவில் கட்டுப்படுத்தியது. இன்ஜின் மாற்றத்தின் பொற்காலமும் மெல்ல ஓய்ந்தது. ஐந்து, ஆறு கியர் கொண்ட பெட்டிகள் மலைக்கும் சமவெளிக்கும் தனித்தனிக் கியர்களை உள்ளேயே வைத்துக்கொண்டு வந்தன. லாரியிலும் சிறு சரக்கு வண்டிகளிலும் கிரவுன் இன்றும் இருக்கிறது, உடைகிறது, மாற்றப்படுகிறது. ஆனால் உடைந்ததற்குப் பதில் அதே பல்லைப் போடுவது பழுதுபார்ப்பு. யோசித்து வேறு பல்லைப் போடுவதே கலை. பின்னது அரிதாகிவிட்டது.

இதற்கிடையே, பணிக்கான வண்டிக்கு வராத வழுக்கல் தடுப்பு, உல்லாசத்துக்கான வண்டியின் வழியே வந்து சேர்ந்தது. 2020ஆம் ஆண்டில் வெளிவந்த மஹிந்திரா தாரில் பின் அச்சுக்குத் தானாகப் பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியல் கிடைத்தது. அதே வண்டியில் இன்னோர் ஏற்பாடும் உண்டு: கணினி ஒவ்வொரு சக்கரத்தின் சுழற்சியையும் அளந்து, வழுக்கும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடுகிறது. கூடுதல் தட்டு இல்லை, தனி எண்ணெய் இல்லை. சாதாரண டிஃபரன்ஷியலும் ஏற்கெனவே இருக்கும் பிரேக்கும் போதும். கை பிரேக் உபாயம் தவறிய இடத்தில் இது வெல்கிறது, ஏனென்றால் இது ஒற்றைப் பக்கத்தை மட்டும் பிடிக்கிறது. தனி உறுப்பைச் சுமக்க மறுத்த சிக்கனக்காரருக்கு, இருக்கும் உறுப்பைக்கொண்டே காரியம் முடிக்கும் இந்த வழி ஏற்புடையதாகவே இருக்கும். இன்று சாதாரணக் கார்கள் பலவற்றில் அது கேட்காமலேயே சேர்ந்து வருகிறது. எந்தச் சக்கரத்தைத் தடுப்பது, எந்த நொடியில், எவ்வளவு நேரம் என்று தீர்மானிப்பதுதான் அந்தக் கணினியின் வேலை முழுவதும். மாசி வீதி மூலையில் கட்டையைக் கையில் பிடித்துச் சக்கரத்தோடு நடந்துவருகிறவரின் வேலையும் அதுதான்.